600 கி.மீ. சைக்கிள் பயணம்: விடுப்பை எந்த நாளுக்கு எழுதுவது?

கேள்வி: கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் வசிக்கிறேன். வங்கி ஊழியர், வயது 42. 200 கி.மீ. பிரெவே (குறித்த நேரத்துக்குள் ஓட்டி முடிக்க வேண்டிய நெடுந்தூர சைக்கிள் பயணம்) ஒன்றை முடித்திருக்கிறேன். ஒரே பருவத்தில் 200, 300, 400, 600 நான்கையும் ஓட்டி 'சூப்பர் ராண்டனர்' பட்டம் வாங்க ஆசை. எங்கள் குழு சென்னையிலிருந்து புறப்படுகிறது. மகள் பிளஸ் டூ. மனைவியும் வேலைக்குப் போகிறார். வீட்டில் பேச்சு வாங்காமல் எப்படிச் சமாளிப்பது?

பதில்: பேச்சு வாங்காமல் முடியாது, குறைவாக வாங்க வழி உண்டு.

முதலில் நேரக்கெடுவைப் பாருங்கள். 200-க்கு 13½ மணி நேரம். காலை 6-க்குப் புறப்பட்டால், கடைசி ஆளாக வந்தாலும் இரவு 7.30-க்கு முடிந்துவிடும். 300-க்கு 20 மணி நேரம். அதுவும் ஒரு நாள் கூத்துதான். 400-க்கு 27 மணி நேரம். சனி காலை 6-க்குத் தொடங்கினால் ஞாயிறு காலை 9 ஆகும். அதன்பின் உடம்பு வீட்டில் இருக்கும், ஆள் இருக்க மாட்டார். 600-க்கு 40 மணி நேரம், அதாவது ஞாயிறு இரவு 10 மணி. மறுநாள் காலை கவுண்டரில் உட்கார்ந்து ஊரார் பணத்தை எண்ண வேண்டியவர் நீங்கள்! எனவே விடுப்பைத் திங்களுக்கு எழுதுங்கள். பலர் வெள்ளிக்கிழமை விடுப்பெடுத்துச் செயினைத் துடைத்துக்கொண்டிருப்பார்கள். அது முந்தைய வாரமே ஒரு மாலையில் முடிகிற வேலை.

அடுத்து மாதங்கள். பிரெவே பருவம் நவம்பர் 1 முதல் அக்டோபர் 31 வரை. ஆரம்ப உற்சாகத்தில் நவம்பர், டிசம்பருக்குப் பணம் கட்டிவிடாதீர்கள். 2011-இல் 'தானே', 2024-இல் 'பெஞ்சல்' இரண்டும் நம் கரையில் ஏறிய மாதங்கள் அவை. புயல் எச்சரிக்கை வந்த வாரத்தில் வீட்டை விட்டுக் கிளம்பினால் அந்தப் பேச்சு ஆயுசுக்கும் ஓயாது. மார்ச்சில் உங்களுக்கு ஆண்டுக் கணக்கு முடிப்பு, மகளுக்குப் பொதுத்தேர்வு. ஏப்ரல், மே வெயிலைப் பற்றிக் கடலூர்க்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஜூனில் கல்லூரிச் சேர்க்கை அலைச்சல். ஆக, பொங்கல் கழித்து 200, 300. மகளைக் கல்லூரியில் சேர்த்தபின் ஆகஸ்டில் 400, செப்டம்பரில் 600. அக்டோபரைக் கையிருப்பாக விடுங்கள். ஏதாவது ஒன்று தவறினால் உதவும்.

பயிற்சிக்காக எல்லா ஞாயிறையும் பறிக்க வேண்டாம். மாதம் இரண்டு முறை அதிகாலை 4-க்குக் கிளம்பிப் புதுச்சேரி வழியாக மரக்காணம் போய்த் திரும்பினால் நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல் வரும். பத்து மணிவாக்கில் வீட்டில் இருப்பீர்கள். காய்கறி வாங்கும் பை உங்கள் கையில் இருக்கட்டும்.

ஒன்றில் மட்டும் பிடிவாதமாகச் சொல்வேன்: 600 முடித்த இரவே காரை எடுத்து ஈ.சி.ஆரில் திரும்பாதீர்கள். தூக்கமில்லாத கண்ணுக்கு அந்தச் சாலை ஆகாது. சென்னையிலேயே அறை எடுத்துத் தூங்கிவிட்டுத் திங்கள் காலை கிளம்புங்கள். அறை வாடகையை நுழைவுக் கட்டணத்தோடு சேர்த்து முதலிலேயே மனைவியிடம் சொல்லிவிடுங்கள். பின்னால் தெரியவந்தால் அது தனிப் பஞ்சாயத்து.