கறுப்பு நிரப்புவது யார்?

கேள்வி: தாராவியில் இருக்கிறேன் அம்மா. வயது 23. வீட்டில் இட்லி வியாபாரம். நான் கூரியர் ஆபீஸில் வேலை பார்த்துக்கொண்டு ராத்திரியில் ஒரு கிராஃபிக் நாவல், அதாவது படங்களாலேயே கதை சொல்கிற புத்தகம், வரைகிறேன். ராப் பாடுகிறவன், டான்ஸ் ஆடுகிறவன், கேமராக்காரன், ஓவியன் என எங்கள் சந்துப் பையன்கள் நாலு பேர் கஷ்டத்தோடு மல்லுக்கட்டி மேலே வரப் பார்க்கிற கதை. 140 பக்கத்தில் 62 முடிந்தது. கட்டம் போடுவது, கறுப்பு நிரப்புவது, பேச்சு பலூனில் வசனம் எழுதுவதெல்லாம் தங்கச்சி பார்த்துக்கொள்வாள். பத்தாவது படிக்கிறாள். 'பொம்மை போட்டா சோறு வருமா?' என்கிறார் அப்பா. வேலையை விட்டுவிட்டு முழுநேரமும் வரையட்டுமா?

பதில்: வேலையை விடாதே தம்பி. ஆர்ட் ஸ்பீகல்மேன் வரைந்த 'மவுஸ்' என்ற கிராஃபிக் நாவல் 1980-லிருந்து 1991 வரை அத்தியாயம் அத்தியாயமாகத்தான் வந்தது. உன் புத்தகமும் மெதுவாக வரட்டும். விடியுமுன் இட்லிப் பாத்திரத்தைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு கிளம்புகிற மனுஷர் சோற்றைப் பற்றித்தான் கேட்பார். கேட்கட்டும்.

'தங்கச்சி பார்த்துக்கொள்வாள்' என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறாயே, எனக்கு அதுதான் பொறுக்கவில்லை.

நீ அனுப்பிய மூன்று பக்கங்களையும் பார்த்தேன். ராத்திரி நேரத்துச் சந்து. இரண்டு தகரக் கூரைக்கு நடுவே சிக்கிக் கிடக்கும் கரண்டு ஒயர்கள். வானத்தின் கறுப்பு ஒவ்வொரு ஒயரின் ஓரம்வரை வந்து, நூலளவு வெள்ளை விட்டு நிற்கிறது. ஓர் இடத்திலும் மை வழியவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்தால்தான் அப்படி வரும். பலூன்களில் 'ழ'வின் வால் எல்லா இடத்திலும் ஒரே அளவு. இது எடுபிடி வேலையா? பக்கத்துக்கு இரண்டு மணி நேரம் என்று வைத்தாலும் 124 மணி நேரம், பத்தாவது படிக்கிற பெண்ணின் தூக்கத்திலிருந்தும் பாடத்திலிருந்தும் போயிருக்கிறது. உன் கடிதத்தில் அவள் பெயர்கூட இல்லை. கதையில் வரும் நாலு பேரில் ஒருத்திகூடப் பெண் இல்லை. கனவு காண்கிறவளை ஒரே அறையில் பக்கத்திலேயே உட்கார வைத்துக்கொண்டு, அவள் கையாலேயே மற்றவர் கனவுக்கு மை போட வைத்திருக்கிறாய்.

கோபமாகத்தான் எழுதுகிறேன். குடும்பத்துக்காக ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுப்பதை மதிக்கிறவள் நான். ஆனால் நம் வீடுகளில் விட்டுக்கொடுக்கிற முறை எப்போதும் பெண்பிள்ளைக்கே வருகிறது. அண்ணன் என்றால் தங்கையின் படிப்புக்குக் காவல் நிற்க வேண்டாமா?

அம்பேத்கரின் வாழ்க்கையைச் சொல்லும் 'பீமாயண'த்தை எங்காவது தேடிப் பார். 2011-ல் வந்தது. வரைந்தவர்கள் துர்காபாய் வியாம், சுபாஷ் வியாம் என்ற கோண்டு பழங்குடி ஓவியத் தம்பதி. சதுரக் கட்டமே கிடையாது. அவர்கள் வீட்டுச் சுவரில் போடுகிற டிக்னா கோலத்தை வைத்தே பக்கத்தைப் பிரித்திருப்பார்கள். இரண்டு பேர் பெயரும் புத்தகத்தில் இருக்கிறது.

இன்றைக்கே முதல் பக்கத்தில் உன் பெயருக்குப் பக்கத்தில் அவள் பெயரை எழுது. பென்சிலில் வேண்டாம், மையில் எழுது. புத்தகத்துக்குப் பணம் வந்தால் அவள் பங்கு எவ்வளவு என்பதையும் அப்பா முன்னால் சொல்லிவிடு. பரீட்சை முடிகிறவரை 63-ஆம் பக்கத்திலிருந்து கறுப்பை நீயே நிரப்பு. கை கடுக்கும், கடுக்கட்டும். பரீட்சை முடிந்த பிறகு, அவளுக்கு என்ன வரைய ஆசை என்று கேள். அவள் சொன்னதை எனக்கு எழுது. அந்தக் கடிதத்தில் அவள் பெயர் இருக்க வேண்டும்.