பிள்ளைகளுக்கும் ஓர் ஓட்டு: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எட்டுக் குடும்பங்கள் சேர்ந்து நிலம் வாங்கி ஒரே வளாகத்தில் குடியிருக்கிறோம். 5 முதல் 13 வயது வரை 14 பிள்ளைகள். அவர்களும் சேர்ந்து முடிவெடுக்கும் பள்ளி வேண்டுமென்று வாராவாரம் கூட்டம் போட்டோம். பெற்றோர் 16 பேரும் வருவோம். மூன்றே மாதத்தில் பிள்ளைகள் கூட்டத்துக்கு வருவதை நிறுத்திவிட்டார்கள். எங்கே தவறு?
– வாசகி, தேனி மாவட்டம்

பதில்: எண்ணிக்கையிலேயே தவறு இருக்கிறது. 14 பிள்ளைகள் ஒன்றாகக் கை தூக்கினாலும் 16 பெரியவர்களை ஜெயிக்க முடியாது. பிள்ளைகளுக்கு அது முதல் வாரமே புரிந்திருக்கும்.

அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஃபிரேமிங்ஹாமில் 1968-இல் தொடங்கிய சட்பரி வேலி பள்ளியில் இதை இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். அன்றாட நிர்வாகமும் விதிகளும் வாராந்திரப் பள்ளிக் கூட்டத்தின் பொறுப்பு. அங்கே மாணவர், பணியாளர் எல்லோருக்கும் ஆளுக்கு ஓர் ஓட்டு. பெற்றோருக்கு ஓட்டு இல்லை. கட்டணம், ஆண்டு பட்ஜெட் போன்றவற்றைப் பெற்றோரும் சேர்ந்த தனிச் சபை முடிவு செய்கிறது. ஆசிரியர்கள்கூட வருடாவருடம் ரகசிய ஓட்டெடுப்பில் தேர்வாக வேண்டும்.

நீங்களும் பிரித்துவிடுங்கள். பள்ளிக் கூட்டத்தில் பிள்ளைகளும், பள்ளியில் தினமும் வேலை செய்யும் இரண்டு மூன்று பெரியவர்களும் மட்டும் இருக்கட்டும். ஒரே வளாகத்தில் குடியிருப்பதால் உங்களுக்கு இன்னோர் ஆபத்தும் உண்டு. மதியம் கூட்டத்தில் எடுத்த முடிவை ராத்திரி சாப்பாட்டு நேரத்தில் அப்பா மாற்றிவிடலாம். ஒரே ஒரு முறை அப்படி நடந்தாலும் போதும், அடுத்த வாரம் யாரும் வர மாட்டார்கள். ஆட்சேபம் இருக்கும் பெற்றோர் அதைக் காகிதத்தில் எழுதி அடுத்த கூட்டத்துக்கு அனுப்பட்டும்.

கூட்டம் வாரம் ஒரு நாள், ஒரே நேரம், முக்கால் மணிக்கு மேல் வேண்டாம். பேச வேண்டியதை இரண்டு நாள் முன்பே அறிவிப்புப் பலகையில் எழுத வேண்டும். பலகையில் இல்லாததை அன்று எடுக்கக் கூடாது. தலைமை ஒரு பிள்ளைக்கு, மினிட்ஸ் நோட்டு இன்னொரு பிள்ளைக்கு. யார் பேசினாலும் இரண்டு நிமிடம்தான். இந்த விதியை அதிகம் மீறுவது பெரியவர்கள்தான். புது விதியென்றால் ஒரு வாரம் பேசிவிட்டு, அடுத்த வாரம் ஓட்டெடுங்கள். கோபத்தில் போட்ட விதிகள் பாதி அந்த ஒரு வாரத்திலேயே உதிர்ந்துவிடும்.

கிணறு, மின்சாரம், சட்டம் ஆகியவை ஓட்டுக்கு வராது என்றால் அதை முதல் நாளே எழுதி ஒட்டுங்கள். ஓட்டுக்கு விட்டு, முடிவு பிடிக்காதபோது ரத்து செய்வது பிள்ளைகளை ஏமாற்றுவதாகும்.

கேள்வி: அடிதடி, கிண்டல் எல்லாவற்றையும் கூட்டத்துக்கே கொண்டுவந்தால் நேரம் போதவில்லையே?
– வாசகர், ஓசூர்

பதில்: அதற்கென்று தனியாக நீதிக்குழு வையுங்கள். 15 பிள்ளைகள் உள்ள இடத்தில் வெவ்வேறு வயதில் மூன்று பிள்ளைகளும் ஒரு பெரியவரும் போதும். மாதத்துக்கு ஒரு முறை ஆள் மாற வேண்டும். புகாரை எழுதித்தான் தர வேண்டும். எழுதத் தெரியாத குழந்தை சொல்ல, இன்னொருவர் எழுதலாம். முதலில் என்ன நடந்தது என்று இரு தரப்பையும் கேட்டுப் பதியுங்கள். எந்த விதி மீறப்பட்டது என்பது அதற்குப் பிறகுதான். பெரியவர் மேலும் புகார் கொடுக்கலாம். அக்கா, தம்பி வழக்கு வந்தால் உடன்பிறந்தவர் குழுவிலிருந்து அன்று விலக வேண்டும். புகார் இரண்டு நாளுக்கு மேல் கிடந்தால் பிள்ளைகள் பழையபடி கையால் தீர்த்துக்கொள்வார்கள். பெரியவர்கள் குழந்தையைத் துன்புறுத்திய சந்தேகம் மட்டும் இந்தக் குழுவுக்கு வரவே கூடாது. குழந்தைகள் உதவி எண் 1098-க்கு உடனே அழையுங்கள்.

கேள்வி: வகுப்புக்குப் போவது பிள்ளையின் விருப்பம் என்றால், 9 வயதிலும் படிக்கத் தெரியாத பையனை அப்படியே விடலாமா?
– வாசகி, மதுரை

பதில்: கல்வியாளர் ஏ.எஸ். நீல் 1921-இல் தொடங்கி, இப்போது இங்கிலாந்தில் இருக்கும் சம்மர்ஹில் பள்ளியில் இன்றுவரை வகுப்பு கட்டாயமில்லை. 1999-இல் பள்ளி ஆய்வுக்குப் பின் அந்நாட்டு அரசு அதை எதிர்த்தது. வழக்கு தீர்ப்பாயத்துக்குப் போய், 2000-இல் உடன்பாட்டில் முடிந்தது. அந்த உடன்பாட்டை ஏற்பதா என்று மாணவர்கள் நீதிமன்ற அறையிலேயே கூட்டம் போட்டு ஓட்டெடுத்தார்கள்.

வகுப்புக்கு வா என்று கட்டாயப்படுத்தாமல் இருப்பது சரி. கண்ணையும் காதையும் சோதிக்காமல் இருப்பது சரியல்ல. எழுத்தை மாற்றிப் போடுகிறான், கதை கேட்கப் பிடிக்கிறது ஆனால் புத்தகத்தைக் கண்டாலே ஒதுங்குகிறான் என்றால் கற்றல் குறைபாட்டுப் பரிசோதனைக்குக் கூட்டிப்போங்கள். சுதந்திரம் என்ற பெயரில் அதைத் தள்ளிப்போட்டால் இழப்பு அவனுக்குத்தான்.

கேள்வி: சான்றிதழுக்கு என்ன வழி?
– வாசகர், கோவை

பதில்: 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 18-ஆவது பிரிவின்படி அங்கீகாரம் இல்லாமல் பள்ளி நடத்தக் கூடாது. அபராதம் 1 லட்சம் ரூபாய் வரை. தொடர்ந்து நடத்தினால் நாளொன்றுக்கு 10,000 வரை. ஆகவே பெயர்ப்பலகை வைக்கும் முன் வழக்கறிஞரைப் பாருங்கள்.

பள்ளிக்குப் போகாமலே தேர்வெழுதிச் சான்றிதழ் வாங்கத் தேசியத் திறந்தநிலைப் பள்ளி (NIOS) உண்டு. பத்தாம் வகுப்புக்குச் சேர 14 வயது நிறைந்திருக்க வேண்டும். ஒரு மொழியாவது உட்பட ஐந்து பாடங்களில் தேற வேண்டும். ஐந்தையும் ஒரே நேரத்தில் எழுதத் தேவையில்லை. ஐந்து ஆண்டுக்குள் ஒன்பது வாய்ப்பு. முதலில் பிடித்த இரண்டு பாடங்களை எழுதட்டும். கணக்கை எடுப்பதாக இருந்தால் அதற்கு மட்டும் முழுதாக ஒரு வருடம் ஒதுக்குங்கள்.