காய்ஞ்ச காளான் மறுபடி விரியுமா?

கேள்வி: சார், நாங்க வால்பாறை பக்கம் எஸ்டேட்ல இருக்கோம். மழை ஆரம்பிச்சதுல இருந்து லைன் வீட்டுக்குப் பின்னாடி சோலை ஓரத்துல உதிர்ந்த இலை மேல சட்டை பட்டன் சைஸ்ல, பீட்ரூட் கலர்ல குட்டிக் காளானா நிக்குது, காம்பு தலைமுடி மாதிரி கருப்பு. ரெண்டு நாள் வெயில்ல சுருங்கிப் போச்சு, நேத்து ராத்திரி மழை, காலைல பாத்தா அதே இடத்துல விரிஞ்சு நிக்குது. பழசா புதுசா? பேர் என்ன? பையன் சாப்பிடலாமான்னு கேக்குறான். போட்டோ வச்சிருக்கேன்.

பதில்: பழசேதாங்க! நீங்க அதை கவனிச்சு எழுதினதுதான் எனக்கு போட்டோவ விட பெரிய உதவி. சாதாரண காளான் ரெண்டு நாள்ல அழுகி கூழாயிடும், இது அழுகாம காய்ஞ்சு சுருண்டு காத்திருக்கும், தண்ணி பட்டா பழையபடி விரிஞ்சு ஸ்போர், அதாவது விதை மாதிரியான தூள், கொட்ட ஆரம்பிச்சிடும். 1830கள்லயே ஸ்வீடன் நாட்டு காளான் ஆராய்ச்சியாளர் ஃப்ரீஸ் இந்த குணத்த வச்சுத்தான் இதுங்கள தனியா பிரிச்சு மராஸ்மியஸ்னு பேர் வச்சார், கிரேக்கத்துல வாடுறதுன்னு அர்த்தம். இலை மேல இதே சைஸ்ல மைசீனான்னு வேற ஒரு காளானும் வரும், ஆனா அது தொட்டாலே ஒடியும், காய்ஞ்சா அவ்வளவுதான், திரும்பி வராது. சந்தேகம்னா காய்ஞ்சத ஒரு சாஸர் தண்ணில போட்டுப் பாருங்க.

உங்க போட்டோல மடிப்பு மடிப்பா குடை மாதிரி தலை, அடியில தகடுங்க ரொம்ப இடைவெளி விட்டு எண்ணிடுற அளவுக்குத்தான் இருக்கு, காம்பு கம்பி மாதிரி, மேல மட்டும் வெளிர். இதெல்லாம் சேர்ந்தா மராஸ்மியஸ் ஹீமட்டோசெஃபாலஸ், அதாவது ரத்த நிறத் தலை. பிரேசில்ல கிடைச்ச காளானுக்கு முதல்ல வச்ச பேரு, வெப்பநாட்டுக் காடுங்கள்ல பரவலா இருக்கு, நம்ம மேற்குத் தொடர்ச்சி மலையிலயும் உண்டு. ஆனா இதே குடும்பத்துல கலர் மாறி மாறி வர்ற சொந்தக்காரங்க நிறைய பேர் இருக்காங்க, அதனால மைக்ரோஸ்கோப்ல ஸ்போர் நீளத்தையும் தலைத்தோல்ல இருக்கிற துடைப்பம் மாதிரி செல்லையும் பாக்காம நான் சத்தியம் பண்ண மாட்டேன்.

உங்க தேயிலைக்கும் இதோட சொந்தம் உண்டு தெரியுமா, செடில கருப்பு குதிரைமுடி மாதிரி நூல் சுத்திக்கிட்டு வர்ற ஹார்ஸ் ஹேர் ப்ளைட்ங்கிற நோய்க்குக் காரணமான காளானும் இதே மராஸ்மியஸ் இனத்துல ஒண்ணுதான். உங்க பீட்ரூட்காரர் செடிய தொட மாட்டார், செத்த இலைய மக்க வச்சு மண்ணுக்குக் கொடுக்கிறதுதான் வேலை, அத நிக்க விடுங்க.

சாப்பிடுறது வேண்டவே வேண்டாம். இதுல சதையே கிடையாது, அது ஒரு பக்கம் இருக்கட்டும், இதே சைஸ்ல பழுப்பா வர்ற சில குட்டிக் காளான்ல ஈரலையே அழிக்கிற விஷம் இருக்கு, வேக வச்சாலும் போகாது, வாந்தி ஆரம்பிக்கவே 6 மணி நேரத்துக்கு மேல ஆகும், அதுக்குள்ள விஷம் உள்ள இறங்கிடும். பையன்கிட்ட இத அப்படியே சொல்லுங்க.

அடுத்த தடவ தலைய மட்டும் கிள்ளாம இலையோட தூக்கி, அடிப்பக்கம் ஒண்ணு, காம்பு இலைல ஒட்டுற இடம் ஒண்ணு, பக்கத்துல ஒரு ரூபா காசு வச்சு ஒண்ணுன்னு மூணு போட்டோ எடுத்து அனுப்புங்க, பாத்துட்டு எழுதுறேன்.