ஹேவர்ட் பிளவுக்குப் பக்கத்தில் வீடு பார்க்கும் தம்பிக்கு

தம்பி, கோயம்புத்தூரிலிருந்து கலிபோர்னியாவின் ஃப்ரீமான்டுக்கு வேலை மாறி வருவதாக எழுதியிருந்தீர்கள். நிலநடுக்கம் உண்டாக்கும் பாறை வெடிப்பான ஹேவர்ட் பிளவு ஊருக்குள்ளேயே போகிறது என்று கேட்டதிலிருந்து மனைவிக்குத் தூக்கமில்லை என்றும் சொல்லியிருந்தீர்கள். நிலநடுக்கம் வருவதை முன்னாலேயே சொல்லிவிடுவார்களா, எவ்வளவு தள்ளி வீடு பார்க்கலாம் என்று இரண்டு கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். நான் 2006-இல் இங்கே வந்தவள். தெரிந்ததைச் சொல்கிறேன்.

சொல்லமாட்டார்கள். மறைக்கிறார்கள் என்று இல்லை, சொல்லவே முடியாது. அது தொடங்கும் விதம் அப்படி. இங்கே பூமியின் மேலோட்டுத் துண்டுகளான பசிபிக் தட்டும் வட அமெரிக்கத் தட்டும் ஒன்றையொன்று உரசியபடி பக்கவாட்டில் நகர்கின்றன. அந்த நகர்வில் பெரும்பங்கு சான் ஆண்ட்ரியாஸ் பிளவில் நடக்கிறது. ஹேவர்ட் அதன் பங்காளி. இருபுறமும் நகரப் பார்க்கும், நடுவில் பாறை கவ்விக்கொண்டு விடாது. மழையில் ஊறிப்போன மரக்கதவை இழுத்திருப்பீர்களே, அதே கதைதான். இழுக்க இழுக்க அசையாமல் இருந்துவிட்டு, சட்டென்று திறந்து ஆளைத் தள்ளிவிடும். 1906 சான் பிரான்சிஸ்கோ நிலநடுக்கத்துக்குப் பிறகு பழைய நில அளவைகளையும் புதியவற்றையும் ஒப்பிட்டுப் பார்த்த ஹாரி ரீட் என்பவர், நிலம் பல வருடங்களாக வில் போல வளைந்து வந்து அன்றைக்கு நிமிர்ந்துவிட்டது என்று 1910-இல் எழுதினார். இன்றைக்கும் அடிப்படை அதுதான்.

பலர் நினைப்பது போல மொத்தப் பிளவும் ஒரே நொடியில் நகர்வதில்லை. ஜவுளிக்கடையில் துணியின் ஓரத்தில் கத்தரியால் ஒரு நறுக்கு நறுக்கி, இரண்டு கையாலும் பிடித்து இழுப்பார்கள். சர்ரென்று கிழிந்துகொண்டே போகும். பிளவும் ஆழத்தில் ஓர் இடத்தில் விடுபட்டு, அங்கிருந்து நொடிக்கு இரண்டு மூன்று கிலோமீட்டர் வேகத்தில் கிழிந்தபடி ஓடுகிறது. 1906-இல் இப்படி ஓடியது சுமார் 477 கிலோமீட்டர். நம் கடற்கரையில் சுனாமி வந்த 2004 டிசம்பர் 26 அன்று, சுமத்ரா அருகே தொடங்கிய கிழிசல் அந்தமான் பக்கமாக 1,200 கிலோமீட்டருக்கு மேல் போனது. ஓடி முடிக்க எட்டுப் பத்து நிமிடம் பிடித்தது. கிழிசல் கைப்பிடி அளவில் நிற்குமா, முழுத் துணிக்கும் போகுமா என்பது நறுக்கும்போது தெரியாது. குட்டி நிலநடுக்கங்கள் இங்கே ஓயாமல் வரும். அதில் எது பெரிதாக வளரும் என்று நாள் குறிக்க இன்றுவரை வழி இல்லை.

ஹேவர்ட் கடைசியாகப் பெரிதாகக் கிழிந்தது 1868 அக்டோபர் 21. ஃப்ரீமான்டில் குழி தோண்டி மண் அடுக்குகளைப் பார்த்தவர்கள், சராசரியாக நூற்றைம்பது வருடத்துக்கு ஒருமுறை வந்திருக்கிறது என்கிறார்கள். கணக்கு உங்களுக்கே தெரியும். ஆனால் இது ரயில் அட்டவணை இல்லை, முன்னே பின்னே ஆகும். இந்தப் பிளவு வருடத்துக்குச் சில மில்லிமீட்டர் சத்தமில்லாமல் ஊர்ந்துகொண்டும் இருக்கிறது. நடைபாதை ஓரக்கல் விலகி நிற்பதை நீங்களே பார்க்கலாம். ஊர்வதால் அழுத்தம் தீர்ந்துவிடும் என்று யாராவது ஆறுதல் சொன்னால் நம்பாதீர்கள். மேலே ஊர்ந்தாலும் ஆழத்தில் பெரும்பகுதி இறுகித்தான் கிடக்கிறது.

எனக்கு முதல் அனுபவம் 2007 அக்டோபர் 30. தீபாவளி நெருங்கிய நேரம், இரவு எட்டு மணிக்கு முறுக்கு சுட்டுக்கொண்டிருந்தேன். சான் ஹோசேக்குக் கிழக்கே கலவேராஸ் பிளவில் ஐந்தரை அளவில் ஒன்று வந்தது. முதலில் லாரி மோதியது போல ஒரு தட்டு, அப்புறம் ஆட்டம். எனக்கு அடுப்பை அணைக்கத் தோன்றவில்லை. ஊர்ப் பழக்கத்தில் வாசலுக்கு ஓடினேன். எண்ணெய் தளும்பிக் கொட்டியதோடு போயிற்று. ஓடியது தப்பு என்று பிறகுதான் தெரிந்தது. இங்கே குனிந்து, மேசைக்கு அடியில் புகுந்து, அதன் காலைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

அந்த முதல் தட்டுதான் இப்போது எச்சரிக்கைக்கு உதவுகிறது. பாறை வழியே முதலில் வரும் அலை வேகமானது, ஆனால் மென்மையானது. பலமாக ஆட்டும் அலை பின்னால் வருகிறது. கருவிகள் முன்னதைப் பிடித்ததும் 'மைஷேக்' செயலி கத்தும். கிழிசல் வடக்கே சான் பாப்லோ விரிகுடாப் பக்கம் தொடங்கினால் உங்களுக்குப் பத்து நொடி கிடைக்கலாம். ஃப்ரீமான்டுக்கு அடியிலேயே தொடங்கினால் ஒன்றும் கிடைக்காது. ஆனாலும் வந்ததும் முதல் வேலையாக அதைப் போட்டுக்கொள்ளுங்கள்.

சரி, வீடு. பிளவிலிருந்து தள்ளிப் போவது மட்டும் போதாது. 1989 லோமா பிரீட்டா நிலநடுக்கத்தில் இறந்த 63 பேரில் 42 பேர், மையத்திலிருந்து ஏறக்குறைய நூறு கிலோமீட்டர் தள்ளி, ஓக்லாந்தில் சேற்றுமண் மேல் நின்ற இரண்டடுக்கு மேம்பாலம் இடிந்து செத்தவர்கள். அதனால் மண்ணையும் கட்டடத்தையும் பாருங்கள். கீழ்த்தளம் முழுக்க கார் நிறுத்தமாக, ஒல்லித் தூண்களின் மேல் நிற்கும் பழைய அடுக்ககம் வேண்டாம். மர வீடு பரவாயில்லை, வளைந்து கொடுக்கும். பிளவுக் கோட்டின் மேலேயே புதிதாக வீடு கட்ட 1972-இன் சட்டம் பொதுவாகத் தடுக்கிறது, ஆனால் அதற்கு முந்தைய வீடுகள் இருக்கின்றன. வீடு பிளவு மண்டலத்தில் இருந்தால் விற்பவர் அதை எழுத்தில் சொல்லியாக வேண்டும்.

சாதாரண வீட்டுக் காப்பீட்டில் நிலநடுக்கம் சேராது, தனியாக வாங்க வேண்டும். எனக்கு விற்ற முகவர் இதை வாய் திறந்து சொல்லவில்லை, மூன்று வருடம் கழித்து நானே படித்துத் தெரிந்துகொண்டேன். வாங்கினாலும் சேதம் வந்தால் முதலில் பெரிய தொகை நம் கையிலிருந்து போகும், அதைக் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். கட்டிலுக்கு அடியில் செருப்பு, ஆளுக்கு நாளொன்றுக்கு நான்கு லிட்டர் வீதம் தண்ணீர், சுவரோடு கட்டிய வெந்நீர்க் கொதிகலன், இவை இருக்கட்டும். பூஜை அலமாரியைத் தலைமாட்டில் மாட்டாதீர்கள், பித்தளைப் பிள்ளையார் கனமானவர். கிரைண்டர் தரையிலேயே இருக்கட்டும்.

முகவரி இரண்டு மூன்றாகச் சுருங்கியதும் அனுப்புங்கள். மாநில நிலவியல் துறையின் வரைபடத்தில் போட்டால், பிளவு மண்டலமா, மண் குழைந்து நீராகும் பகுதியா என்று வந்துவிடும். நானும் பார்த்துச் சொல்கிறேன்.