மலையகப் பழம்பொருள் கடைகளில் பழைய வீடியோ கேம் கிடைக்குமா? எதைப் பார்த்து வாங்குவது?

கேள்வி கேட்டவர் ஒரு வாரம் கண்டிக்கு வருகிறாராம். அப்படியே நுவரெலியா, பண்டாரவளைப் பக்கமும் போய்ப் பழம்பொருள் கடைகளில் பழைய டீவி கேம் (டீவியில் இணைத்து விளையாடுகிற பெட்டி), அதில் செருகுகிற விளையாட்டுக் கெசட் ஏதாவது அகப்படுமா என்று பார்க்க நினைக்கிறார். நான் ஹட்டனில் போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். பத்துப் பன்னிரண்டு வருடமாக ஞாயிற்றுக்கிழமைகளில் இதைத் தேடித்தான் பஸ் ஏறுகிறேன், அதனால் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கிடைக்கும். ஆனால் பழம்பொருள் கடை என்று போர்டு போட்ட இடத்தின் முன்பக்கத்தில் நேரத்தைப் போக்காதீர்கள். அங்கே இருப்பதெல்லாம் பெரும்பாலும் துரைமார் பங்களாச் சாமான்: கிராமபோன், சுவர்க் கடிகாரம், பித்தளை விளக்கு, தேக்கு அலுமாரி, வெள்ளித் தேநீர்க் குவளை. 1972இலும் 1975இலும் காணிச் சீர்திருத்தம் வந்து தோட்டங்களை அரசாங்கம் எடுத்தபோது மிச்சமிருந்த வெள்ளைக்காரத் துரைமாரும் மூட்டை கட்டினார்கள், பங்களாச் சாமான்கள் கை மாறிக் கை மாறிக் கடைகளுக்கு வந்தன. அட்டாரி 2600 என்ற டீவி கேம் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்ததே 1977இல்தான், நிண்டெண்டோ கம்பனியின் ஃபமிகொம் என்ற டீவி கேம் ஜப்பானில் வந்தது 1983இல். வருடத்தைப் பார்த்தாலே தெரியும், அந்தச் சாமான்களோடு வீடியோ கேம் வந்திருக்க வழியில்லை.

இங்கே அது வந்த வழி வேறு. 1977க்குப் பிறகு இறக்குமதியைத் திறந்துவிட்டதும் கொழும்பு புறக்கோட்டை வழியாகச் சீன, தாய்வான் பெட்டிகள் வர ஆரம்பித்தன. ஜப்பானில் பாவித்த சாமான்களைக் கொண்டுவந்து விற்கிற கடைகள் வழியாகவும் கொஞ்சம் வந்தது. அப்புறம் எங்கள் லயங்களுக்கு, அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு, வந்த வழி ஒன்று இருக்கிறது, சவூதிக்கும் குவைத்துக்கும் லெபனானுக்கும் வீட்டு வேலைக்குப் போன அம்மாமார் திரும்பி வரும்போது கட்டிக்கொண்டு வந்த பெட்டிகள்.

என் அம்மா 1996இல் சவூதியிலிருந்து வந்தபோது கம்பளி, டேப் ரெக்கோடர், பால்மா டின் இவற்றுக்கு நடுவில் ஒரு டீவி கேமும் இருந்தது. எங்கள் லயத்துக்கு அப்போது கரண்ட் வரவில்லை. கறுப்பு வெள்ளை டீவி ஒன்று கார் பட்டரியில் ஓடும், பட்டரி இறங்கினால் தலைச்சுமையாகத் தலவாக்கலை டவுனுக்குக் கொண்டுபோய்ச் சார்ஜ் போட்டு வர வேண்டும். டீவி கேமுக்கு வேண்டியது 9 வோல்ட். மாமா ஆறு டோர்ச் பட்டரியை ஒரு பிளாஸ்டிக் பைப் துண்டில் வரிசையாக அடைத்து, இரண்டு முனையிலும் கம்பி வைத்துக் கட்டி, ஆணியைச் சூடாக்கிப் பெட்டியின் மூலையில் துளை போட்டு அந்தக் கம்பியை உள்ளே இறக்கினார். அன்று இரவு பாதி லயம் எங்கள் காம்பிராவில்தான், அந்த ஒற்றை அறையில். நாங்கள் ‘டாங்கி’ என்று சொன்ன விளையாட்டு நாம்கோ 1985இல் வெளியிட்ட பேட்டில் சிட்டி என்பது எனக்குப் பெரியவனான பிறகுதான் தெரியும். அதில் பரிசு வைத்திருக்கிற டாங்கி சிவப்பாக மின்னும். எங்கள் டீவியில் சிவப்பு ஏது, லேசாக இருண்டு இருண்டு வரும், அவ்வளவுதான், ஆனால் என் அக்கா அதைக் கண் மூடித் திறப்பதற்குள் கண்டுபிடித்துவிடுவாள்.

இதை ஏன் இவ்வளவு நீளமாகச் சொல்கிறேன் என்றால், வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் ‘குளோன்’ (ஃபமிகொமைப் பார்த்துச் செய்த நகல்) என்று ஒதுக்குகிற அந்த மலிவுப் பெட்டிகள்தான் இங்கே அதிகம் கிடைக்கும், நான் தேடுவதும் அவற்றைத்தான். எங்கள் தோட்டத்தில் ஒரிஜினல் ஃபமிகொமைத் தொட்டுப் பார்த்த ஒரு பிள்ளையும் இருந்ததில்லை. ஒரிஜினல்தான் வேண்டும் என்றால் ஜப்பான் சாமான் கடைகளைப் பாருங்கள், அதைக் கீழே சொல்கிறேன்.

முதலில் போக வேண்டியது பழைய டீவி ரிப்பேர் கடைகளுக்கு. ஹட்டன், நாவலப்பிட்டி, கம்பளை, பதுளை என்று எந்த டவுனிலும் படம்குழாய் டீவி காலத்திலிருந்து நடக்கிற கடை ஒன்றிரண்டு இன்னும் இருக்கும். திருத்தக் கொடுத்துவிட்டு ஆட்கள் திரும்பி வராத சாமான்கள் அங்கே தட்டில் கிடக்கும். போனதும் கேமைப் பற்றிக் கேட்காதீர்கள். வயர் ஒன்றோ பிளக் ஒன்றோ வாங்குங்கள், கதையுங்கள், அப்புறம் கேளுங்கள். சிங்களக் கடையென்றால் “மாத்தயா, பரண டீவி கேம் தியெனவத?” (ஐயா, பழைய டீவி கேம் இருக்கிறதா?) என்று கேட்டால் போதும், முகம் மலர்ந்து தன் பிள்ளைகள் விளையாடிய கதையைச் சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள். நம் ஆட்கள் கடையில் “அண்ணே, பழைய கேம் கெசட் ஏதும் கிடக்குதா?” என்றால் “கிடக்கும் தம்பி, மேலே ஏறிப் பாரு” என்று ஏணியைக் காட்டுவார்கள். அந்த ஏணியில் ஏறித்தான் என்னிடம் இருப்பதில் பாதியை எடுத்தேன்.

அடுத்தது பழைய இரும்பு, போத்தல், பேப்பர் எடுக்கிற கடைகள். அங்கே பெட்டிக்குள் இருக்கிற சர்க்கிட் போர்டைச் செம்புக்காக உடைத்துவிடுவார்கள், ஆகவே முந்த வேண்டும். 2022இல் பொருளாதார நெருக்கடி உச்சத்தில் இருந்தபோது ஆட்கள் வீட்டில் கிடந்ததையெல்லாம் சாக்கில் கட்டிக்கொண்டு போய் எடைக்குப் போட்டார்கள். எங்கள் டவுன் கடையில் ஒரே நாளில் மூன்று டீவி கேம் பெட்டிகளை உடைத்து எடுத்துவிட்டார்கள், நான் போனபோது மூடிகள் மட்டும்தான் கிடந்தன. அதிலிருந்து அந்தக் கடைத் தம்பியிடம் என் நம்பரைக் கொடுத்து வைத்திருக்கிறேன், எடைக்கு வரும் விலையைவிடக் கூடத் தருவேன் என்று அவருக்குத் தெரியும். எடைக்குப் போடுகிறவரும் கஷ்டப்பட்டுத்தான் போடுகிறார், அதனால் நியாயமான காசைக் கொடுங்கள்.

சரி, பழம்பொருள் கடைக்கே போகிறீர்கள் என்றால் கைக்கடிகாரத் தட்டைக் கேளுங்கள். இது நான் தற்செயலாகக் கண்டுபிடித்தது. நிண்டெண்டோ 1980 முதல் 1991 வரை கேம் அண்ட் வொட்ச் என்று சட்டைப்பையில் வைக்கிற மாதிரி சின்ன விளையாட்டுகளைச் செய்தது. விளையாடாத நேரத்தில் அதில் மணி ஓடும், அதனால் கடைக்காரர்கள் அதைக் கடிகாரக் கணக்கில் சேர்த்துவிடுகிறார்கள். கண்டியில் ஒரு கடையில் வார் அறுந்த கைக்கடிகாரங்களுக்கு அடியில் செம்மஞ்சள் நிறத்தில் ஒன்று கிடந்தது, புத்தகம் மாதிரி மடிக்கிறது, உள்ளே இரண்டு திரை. டொன்கி கொங், 1982. இன்று பெரும்பாலான கேம் கைப்பிடிகளில் இருக்கிற சிலுவைப் பொத்தானை நிண்டெண்டோவின் குன்பெய் யோகோய் முதன்முதலாக வைத்தது இந்த விளையாட்டில்தான். பட்டரி மூடி இல்லை, உள்ளே தகடு முழுக்கப் பச்சைக் களிம்பு. பஞ்சில் வினாகிரி தொட்டுத் துடைத்து, பிறகு ஐசோபுரப்பைல் அல்கஹோலால் இன்னொரு தடவை துடைத்து, காயவிட்டுப் பொத்தான் பட்டரி போட்டேன். மேல் திரையில் குரங்கு நின்றது. கீழ்த் திரையின் ஒரு மூலை கறுத்துப் போயிருக்கிறது, அது அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

களிம்பைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டும், ஏனென்றால் மலைநாட்டில் வாங்குகிறவருக்கு இதுதான் பெரிய தலைவலி. நுவரெலியா, கொட்டகலை, பட்டிப்பொல மாதிரி இடங்களில் மூடுபனியும் ஈரமும் வருடத்தில் பாதி நாள், லயத்து அடுப்புப் புகை வேறு. கெசட்டின் வாயைத் திருப்பி வெளிச்சத்தில் பாருங்கள். பித்தளை நிறப் பற்கள் மங்கியிருந்தால் கவலையில்லை, துடைத்தால் போகும். பச்சையோ வெள்ளையோ பொடியாகப் பூத்து, பல் அரித்துப் போய்க் கோடு விட்டுப் போயிருந்தால் விட்டுவிடுங்கள். சின்ன வயதில் எல்லோரும் செய்தது போல வாயால் ஊதாதீர்கள், எச்சில் ஈரம்தான் அரிப்பைக் கூட்டுகிறது, அப்போது ஊதியபின் வேலை செய்ததற்குக் காரணம் கழற்றித் திரும்பப் போட்டதுதான். மஞ்சள் கெசட்டுகளைத் திறந்து பார்த்தால் உள்ளே சிப்புக்குப் பதில் திருஷ்டிப் பொட்டு வைத்த மாதிரி ஒரு கறுப்புப் பசைத் துளி இருக்கும், மலிவுக் கெசட்டின் அடையாளம் அது. அந்தத் துளிக்குள் பழுதானால் திருத்த வழியில்லை. ஆகவே 9999 விளையாட்டு என்று போட்டிருக்கிற கெசட்டை விளையாடிப் பார்த்துத்தான் வாங்குங்கள் (உள்ளே இருப்பது பத்தோ இருபதோ, மிச்சமெல்லாம் அதே விளையாட்டு வேறு வேறு கட்டத்திலிருந்து தொடங்கும்).

ஜப்பான் சாமான் கடைகளில் சூப்பர் ஃபமிகொம், மெகா டிரைவ், முதலாவது பிளேஸ்டேஷன் எல்லாம் கண்டிருக்கிறேன். அங்கே ஒரே ஒரு விஷயம், ஆனால் மிக முக்கியம்: பெட்டியின் பின்னாலோ அடியிலோ, அடப்டரிலோ 100 வோல்ட் என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். ஜப்பான் கரண்ட் 100, நமது கரண்ட் 230. கடைக்காரர் “வேலை செய்யுதா பார்ப்போம்” என்று பிளக்கில் குத்தப் போனால் கையைப் பிடித்து நிறுத்துங்கள். நல்ல பிளேஸ்டேஷன் ஒன்று என் கண் முன்னே புகைந்து போனது. 230ஐ 100ஆக இறக்குகிற டிரான்ஸ்ஃபோமர் ஒன்று வாங்கிக்கொண்டு பிறகு போடுங்கள். பழைய ஃபமிகொமை ஆன்டெனா வயரில் இணைத்தால் நம் டீவியில் சனலே பிடிக்காது, அது ஜப்பானின் 1, 2 சனல்களுக்குச் செய்தது, உள்ளே ஏவி வயர் இழுத்துத்தான் பார்க்க வேண்டும். பிளேஸ்டேஷன் டிஸ்க்கின் அடிப்பக்கம் கறுப்பாக இருந்தால் ஒரிஜினல், இங்கே கிடைப்பதில் பெரும்பகுதி பச்சையோ நீலமோ அடித்த கொப்பிதான்.

டீவித் திரையில் வாத்துச் சுடுகிற விளையாட்டுத் துவக்கு கிடைத்தால் வாங்குங்கள், ஆனால் அது படம்குழாய் டீவியில் மட்டும்தான் வேலை செய்யும். புது எல்.ஈ.டி. டீவியில் சுட்டால் ஒரு வாத்தும் விழாது, துவக்கு பழுது என்று நினைத்துத் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள்.

இப்போது நான் உண்மையிலேயே கேட்டுக்கொள்ள நினைக்கிற விஷயத்துக்கு வருகிறேன். பண்டாரவளை ஞாயிற்றுச் சந்தைக்குப் போன ஒரு நாள், பக்கத்தில் ஒரு பழைய சாமான் கடையில் மஞ்சள் கெசட் ஒன்று கிடைத்தது. முன்பக்க ஸ்டிக்கர் உரிந்து போயிருந்தது. பின்பக்கம் கவராயக் கூரால் கீறியிருந்தார்கள்: மேலே ஒரு பெயர், அதன் கீழே ‘மேல் டிவிஷன் 5ம் லயம்’, அதற்கும் கீழே வேறு கையெழுத்தில் ‘தங்கச்சி தொடக்கூடாது’. தங்கச்சி என்ற சொல்லின் மேல் இன்னொருவர் கோடு போட்டுக் கோடு போட்டு அடித்திருக்கிறார், தங்கச்சியேதான் என்று நினைக்கிறேன். கடைக்கார ஐயா “இருங்க தம்பி, தின்னர் போட்டுத் துடைச்சுத் தாறேன், கீறலும் தெரியாது” என்று துணியை எடுத்துவிட்டார். வேண்டாம் ஐயா, இப்படியே தாருங்கள் என்று கையிலிருந்து வாங்கினேன். 400 ரூபா. உள்ளே விளையாட்டு வேலை செய்யவில்லை, அந்தக் கறுப்புத் துளி போய்விட்டது. என்னிடம் இருப்பதில் யார் கேட்டாலும் நான் விற்காதது அதுதான்.

லயத்துப் பிள்ளைகள் என்ன விளையாடினார்கள், யாரிடம் இருந்து வாங்கினார்கள், எந்த வருடம் வந்தது என்பதை யாரும் எழுதி வைக்கவில்லை. அது இந்தப் பிளாஸ்டிக்கின் மேல்தான் இருக்கிறது. பெட்டியில் அரபு எழுத்தில் விலைச் சீட்டு ஒட்டியிருந்தால் உரிக்காதீர்கள், அது ஒரு அம்மா எந்த நாட்டுக்குப் போய் வந்தார் என்பதற்குச் சாட்சி. மஞ்சளித்த பெட்டியை ஹைட்ரஜன் பெரொக்சைட் பூசி வெயிலில் வைத்து வெளுக்க வைக்கிற முறை இணையத்தில் நிறையக் கிடைக்கும். செய்யலாம், ஆனால் பெயர் எழுதிய பெட்டியில் செய்யாதீர்கள். வாங்கும்போது எந்த டவுன், எந்தத் தோட்டத்துப் பக்கம் இருந்து வந்தது என்று கேட்டு ஒரு துண்டில் எழுதிப் பெட்டிக்குள் போட்டு வையுங்கள். கடைக்காரருக்குத் தெரிந்ததைச் சொல்வார்.

வருகிறவர் வெள்ளனவே வாருங்கள், பதினொரு மணிக்குப் பிறகு சந்தைப் பக்கம் மழை பிடித்தால் சாமானெல்லாம் படங்குக்குள் போய்விடும். சின்ன ஸ்குரூ டிரைவர், காது குடையும் பஞ்சுக் குச்சி, டோர்ச், ஆறு பட்டரி போடுகிற 9 வோல்ட் பெட்டி இவ்வளவும் பையில் இருந்தால் கடையிலேயே போட்டுப் பார்த்து வாங்கிவிடலாம்.

அப்புறம் ஒரு உதவி. அம்மா கொண்டுவந்த அந்த டீவி கேமை 2001இல் அக்காவின் பள்ளிக்கூடச் செலவுக்காகப் பதுளைப் பக்கத்து ஆள் ஒருவருக்கு விற்றோம். வெள்ளைப் பெட்டி, மேல் மூடி சிவப்பு, பவர் பொத்தானின் நுனி கொஞ்சம் உடைந்திருக்கும். பின்பக்கம் இடது மூலையில் ஆணியால் சுட்ட துளை ஒன்று, சுண்டுவிரல் நுனி போகிற அளவு, ஓரம் உருகிக் கறுத்திருக்கும். எந்தக் கடையிலாவது கண்ணில் பட்டால் விலை பேச வேண்டாம், ஒரு படம் எடுத்து இந்தப் பதிலுக்குக் கீழே போடுங்கள், நான் அன்றைக்கே புறப்பட்டு வருகிறேன்.