ஆமைக்குஞ்சுக்குத் தயிர் கொடுக்கலாமா?

ஏறாவூரில் உங்கள் வீட்டிலேயே பொரித்த நட்சத்திர ஆமைக்குஞ்சு தண்ணீராகக் கழிகிறது என்றும், குடல் பக்டீரியா பெருகுவதற்கு எருமைத் தயிர் கொடுக்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். கொடுக்க வேண்டாம், மட்டக்களப்புத் தயிர் நமக்கு அமிர்தம்தான், ஆனால் பாலிலுள்ள சீனியை ஆமையின் குடல் சரியாகச் செரிப்பதில்லை. அதன் பெருங்குடலில் வாழும் பக்டீரியாக்கள் நார்ப்பொருளை நொதிக்கவைத்துக் கொழுப்பமிலங்களாக மாற்றி உடலுக்குச் சத்தளிப்பதால், நீங்கள் எழுதியபடி தினமும் சோறும் கதலிப்பழமும் வைப்பது அந்த நொதிப்பையே குழப்பிவிடும். அவற்றை நிறுத்திவிட்டு, மருந்தடிக்காத அறுகம்புல்லும் செவ்வரத்தம் இலையும் போடுங்கள். உடல் குளிர்ந்தால் நொதிப்பும் மந்தமாகும் என்பதால், மாரி காலத்தில் ஈரமான சீமெந்துத் தரையில் விடாதீர்கள். மலத்தில் புழு இருக்கிறதா என்பதை மிருக வைத்தியர் பார்க்கட்டும். அன்டிபயோட்டிக்கை நீங்களாகக் கொடுத்தால் நல்ல பக்டீரியாக்களும் சாகும். இலங்கையில் இது சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட இனம், ஆகவே வனஜீவராசிகள் திணைக்களத்துக்கும் அறிவியுங்கள்.