தர்மபுரியில் களப்பணிக்குச் சேர்ந்திருக்கிறேன். கவுன்சலிங் அடிப்படையை எங்கிருந்து தொடங்குவது?

வாயை மூடிக்கொள்வதிலிருந்து தொடங்குங்கள். கிண்டல் இல்லை. பென்னாகரம் பக்கம் ஓர் அக்கா, "அவரு பெங்களூர் வேலைக்குப் போனா போன்கூடப் பண்றதில்லைங்க" என்கிறார். "எல்லாம் சரியாயிடும்" என்றால் பேச்சு அங்கேயே முடிந்தது. "தனியா சமாளிக்கிறது பாரமா இருக்குதுங்களா?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள், மீதியை அவரே சொல்வார். அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் 1957இல் வலியுறுத்தியதும் இதைத்தான்: எதிரில் இருப்பவர் இடத்தில் நின்று உணர்தல், நிபந்தனையற்ற மதிப்பு, பாசாங்கின்மை. ஆலோசனை சொல்லும் ஆசைதான் நம் ஊரில் பெரிய வியாதி.

எதையும் வெளியே சொல்லமாட்டேன் என்று மட்டும் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். பதினாறு வயதுப் பெண்ணுக்குக் கல்யாண ஏற்பாடு என்று காதில் விழுந்தால் குழந்தைகள் உதவி எண் 1098க்குச் சொல்லியே ஆகவேண்டும். சாவுப் பேச்சு வந்தால், தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் முளைத்துவிடாது. தனியே விடாமல், அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416க்கு அங்கேயே போன் போட்டுக் கொடுங்கள்.